வலது பக்கத்து நிழல்

டெல்ஃபினா தைவானில் ஜியாயி நகரத்துக்கு வந்து சேர்ந்த ஆறாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவளுக்கு அல்ல, பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டு ஆசிரியர்களின் காகித வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் லியாவ் பெய்-ஷானுக்கு. பெய்-ஷான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மூன்றாம் மாடி வாசலில் நின்று, "டெல்ஃபினா டீச்சர், கொஞ்சம் கீழ வர்றீங்களா?" என்றாள்.

டெல்ஃபினா நாற்காலி மேல் ஏறித் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். தான் பிடியை விட்டால் அவள் விழுந்துவிடுவாள் என்ற நினைப்பில், லியேமா என்ற நான்கு வயதுப் பெண் குழந்தை அவள் கணுக்காலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் இருந்த ஸோலேகாவின் மகள் அது. ஸோலேகா தென்னாப்பிரிக்காவின் கறுப்பினப் பெண், டெல்ஃபினா பிலிப்பைன்ஸ்காரி. ஒரே பள்ளியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர வந்தவர்கள் என்பதால் பள்ளிக்கூடம் இருவருக்கும் சேர்த்து ஒரே வீட்டைப் பிடித்துக் கொடுத்திருந்தது.

கீழே தெருவோரத்தில் சாய் என்ற வீட்டுக்கார அம்மா மேசை போட்டு, செத்தவர்களின் ஆவிகள் உலவுவதாக நம்பும் பேய் மாதத்தின் படையலுக்குப் பழங்களும் பிஸ்கட் பாக்கெட்டுகளும் அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்த மாதத்தில் புதிதாக ஆட்களைக் குடிவைக்கவே அவளுக்கு மனமில்லை. பள்ளிக்கூடத்துக்காரர்கள் கெஞ்சியதால்தான் சாவியைக் கொடுத்திருந்தாள். அவள் காதில் விழாத தூரத்துக்கு நடந்துபோய்ப் பெய்-ஷான் நின்றாள்.

"இங்க வந்ததும் எடுத்த எக்ஸ்ரேல ஏதோ தெரியுதாம் டீச்சர். வலது பக்கம், மேல் ஓரத்துல. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்னாங்க. ஆனா நாளைலேருந்து மூணு நாள் காலையில போய்ச் சளி குடுக்கணும். அது தெளிவாகாம வேலை பர்மிட்டுக்குப் பேப்பர் அனுப்ப முடியாது."

"ஸ்கூல்ல தெரியுமா?"

"இப்போதைக்கு எனக்குத்தான் தெரியும்." பெய்-ஷான் கொஞ்சம் தயங்கினாள். "ஃபார்ம்ல நீங்க இல்லைன்னுதான் டிக் போட்டிருக்கீங்க. இருந்தாலும் கேக்கணும். இதுக்கு முன்னாடி டிபி வந்திருக்கா?"

"இல்ல" என்றாள் டெல்ஃபினா.

 

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. இலோயிலோ நகரத்துக்குத் தெற்கே கடலோரச் சிற்றூர் ஒன்றின் அரசுப் பள்ளியில் பதினாறு வருடம் பாடம் நடத்தியவள். பின்னக் கணக்கைப் பப்பாளிப் பழத்தை வெட்டிச் சொல்லிக் கொடுப்பதில் அந்த வட்டாரத்திலேயே அவளுக்குப் பேர் உண்டு. ஒன்பது வயதில் அவளுக்கு டிபி வந்திருந்தது. ஆறு மாதம் மாத்திரை விழுங்கினாள். மாத்திரையின் சாயத்தில் சிறுநீர் சிவப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து அழுவாள். குணமானது. அதற்குப் பிறகு அதற்காக ஒரு நாள்கூடப் படுத்ததில்லை.

இருபத்தைந்தாவது வயதில் சவூதியில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. புறப்படும் முன் மருத்துவப் பரிசோதனைக்குப் போன இடத்தில், நுரையீரலில் தழும்பு இருப்பதாகச் சொல்லி, 'தகுதி இல்லை' என்று சிவப்பு முத்திரை குத்தி, படத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது பழைய தழும்பு, ஆறிப்போனது என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஊரில் விஷயம் பரவியது. கல்யாண வீட்டுப் பந்தியில் அவள் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. அந்த அவமானம் ஆற இரண்டு வருடம் ஆனது.

இந்தத் தடவை ஊரில் எடுத்த எக்ஸ்ரேயை ஒரு நாளைக்கு நானூறு பேரைப் பார்க்கும் கிளினிக்கில் 'இயல்பு' என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். விண்ணப்பத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. டிபி வந்திருக்கிறதா? உடல்நலக் காரணத்தால் வேலை மறுக்கப்பட்டதுண்டா? இரண்டுக்கும் இல்லை என்று போட்டுவிட்டு விமானம் ஏறினாள்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கே எழுந்து பஸ் பிடித்தாள். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் ஒரு சிறிய கண்ணாடி அறையில் அவளை விட்டுக் கதவைச் சாத்தினார்கள். இருமி இருமிப் பார்த்தாள். வருகிற சளியே இல்லை. வெளியே நின்ற நர்ஸ், ஆழமாக மூச்சை இழுத்து இருமும்படி தன் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினாள். ஒரு வழியாக டப்பாவின் அடியில் கொஞ்சம் சேர்ந்தது.

வீடு திரும்பும்போது முகக்கவசம் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

"என்ன அக்கா, காலங்காத்தால எங்க போயிட்டு வர்றீங்க?" ஸோலேகா முட்டையடை தின்றுகொண்டே கேட்டாள். "வந்து ஒரு வாரம்கூட ஆகல, அதுக்குள்ள யாரையாவது புடிச்சிட்டீங்களா?"

"நடக்கப் போனேன். லேசா சளி. குழந்தைக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு மாஸ்க்."

"உங்க வயசுல எனக்கு இப்படி ஒரு காலை நடை அமையணும் சாமி!" என்று சிரித்தாள் ஸோலேகா.

சிரிப்பில் அவள் கெட்டிக்காரி. முப்பத்தொரு வயது. கணவன் என்று யாரும் இல்லை. குழந்தையைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு இத்தனை தூரம் வந்திருந்தாள். தெருவில் போனால் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். சிலர் லியேமாவின் தலைமுடியைக் கேட்காமலே தொட்டுப் பார்ப்பார்கள். சாயங்காலம் குப்பை லாரி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது தெருவே பையும் கையுமாகத் திரண்டு நிற்கும். அவள் போய் நின்றால் மட்டும் கூட்டம் இரண்டு அடி விலகும். அதற்கும் சிரிப்பாள். "நல்லதுதான், எனக்கு முன்னாடியே இடம் கிடைக்குது" என்பாள்.

அந்த மூன்று நாளும் டெல்ஃபினாவுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிட்டாள். தன் டம்ளரைத் தானே தனியாக வைத்தாள். அப்படி வைத்தபோது அந்தக் கல்யாண வீட்டின் காலி நாற்காலி ஞாபகம் வந்தது. லியேமா கதவைத் தட்டும். "டெல் ஆன்ட்டி, வீடு வீடு விளையாடலாம்" என்று கூப்பிடும். "ஆன்ட்டிக்கு வேலை இருக்குடா கண்ணு" என்பாள். தட்டுவது நின்ற பிறகும் குழந்தை கதவுக்கு வெளியே உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பது கேட்கும். முதல் ஐந்து நாளும் அந்தக் குழந்தை அவள் மடியில்தான் தூங்கியிருக்கிறது.  பழைய தழும்புதான் என்று ஒரு மனம் அடித்துச் சொன்னது. திரும்ப வந்திருந்தால் என்று இன்னொரு மனம் கேட்டது. 

மூன்றாவது நாள், வியாழக்கிழமை, சளி கொடுத்துவிட்டு வந்தவளை ஸோலேகா வாசலிலேயே மடக்கினாள். பள்ளிக்கூடத்தில் அவசரமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், குடியேற்ற அலுவலகத்தில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். ரெண்டே மணி நேரம், லியேமாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா?

டெல்ஃபினா, "இன்னிக்கு முடியாதும்மா" என்றாள்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். டிவியைப் போட்டுவிட்டா உக்காந்துக்குவா."

"அதில்ல. முடியாது."

ஸோலேகாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது. குழந்தையை உள்ளே போகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. மூணு நாளா அவளைக் கிட்டயே சேத்துக்கல. தனியா சாப்பிடுறீங்க. தட்டு, டம்ளர் எல்லாம் தனி. நாங்க தொட்ட பாத்திரம் ஆகாதா உங்களுக்கு? தெருவுல போறவன் விலகிப் போனா எனக்குப் பழக்கம். வீட்டுக்குள்ளயும் அப்படின்னா சொல்லிடுங்க. நான் வேற இடம் பாத்துக்குறேன்."

டெல்ஃபினாவுக்குத் தலையில் அடித்தது போல் இருந்தது. அவள் இதை நினைத்தே பார்க்கவில்லை.

"ஐயோ, அப்படி இல்ல. சத்தியமா இல்ல."

"பின்ன எப்படி?"

வேறு எந்தப் பொய்யும் அந்த நேரத்தில் அவளுக்கு வாயில் வரவில்லை. வந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். ஆஸ்பத்திரி, நிழல், சளி டப்பா, ஒன்பது வயதில் விழுங்கிய மாத்திரை, எல்லாவற்றையும் சொன்னாள். நின்றபடியே சொன்னாள், முகக்கவசத்துக்குப் பின்னால் இருந்து.

ஸோலேகா கேட்ட முதல் கேள்வி நோயைப் பற்றியது அல்ல.

"உங்களுக்கு எப்போலேருந்து தெரியும்?"

"திங்கக்கிழமை."

"இன்னிக்கு வியாழன்."

"சோதனை முடிவு வரட்டும்னு..."

"எங்க அண்ணன் லாரி ஓட்டுனான்" என்றாள் ஸோலேகா. குரல் உயரவே இல்லை. "வேலை போயிடும்னு எட்டு மாசம் இருமலை மறைச்சான். அவனும் போனான், எங்க அம்மாவும் போனாங்க. ஒரே வருஷத்துல. டிபின்னா எனக்குப் பயம் இல்ல அக்கா. மாத்திரை இருக்கு, குணமாகும், எனக்கு நல்லாத் தெரியும். நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா நானே உங்களுக்குக் கஞ்சி வச்சுக் குடுத்திருப்பேன். நடக்கப் போறேன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான்..."

அவள் முடிக்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வைத்தாள். அரை மணி நேரத்தில் ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் குழந்தை என்று படியிறங்கினாள். லியேமா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்து, "டெல் ஆன்ட்டி வரலையா? டெல் ஆன்ட்டி வரலையா?" என்று கேட்டுக்கொண்டே போனது.

சாயங்காலம் டெல்ஃபினா ஊருக்குப் போன் செய்தாள். கணவன் ரோடெல் மீன் சந்தையில் ஐஸ் விற்பவன். இரைச்சலில் கத்திக் கத்திப் பேசினான்.

"அந்தப் பொண்ணு போனாப் போகட்டும் விடு! ஸ்கூல்ல மட்டும் மூச்சு விட்டுடாத. சளியில ஒண்ணும் இருக்காது. பேசாம இரு."

"அந்தப் பழைய எக்ஸ்ரே இருக்கா ரோடெல்?"

"எது, சவூதிப் படமா? கட்டிலுக்கு அடியில கிடக்கு. போன கிரகணத்துக்கு அதை வச்சுதான நானும் பசங்களும் சூரியனைப் பாத்தோம்." சொல்லிவிட்டு அவனே சுதாரித்துக்கொண்டான். "எதுக்குக் கேக்குற? அதுல பேரு, தேதி, முத்திரை எல்லாம் இருக்கு. அதை நீ காட்டுனா, நீ பொய் சொன்னேன்னு நீயே எழுதிக் குடுக்குற மாதிரி."

"தெரியும்."

"டெல், பதினாலு வருஷம் காத்திருந்து கிடைச்ச வேலை இது."

"தெரியும்" என்றாள் மறுபடியும்.

திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கப் பெய்-ஷானும் கூட வந்தாள். டாக்டர் ஜுவாங் ஐம்பது வயதுப் பெண்மணி. நிதானமாகப் பேசினாள். பேசியதைப் பெய்-ஷான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள். மூன்று டப்பாவிலும் கிருமி இல்லை. நல்ல செய்தி. ஆனால் அது போதாது. கிருமி வளர்கிறதா என்று பார்க்கச் சளியை ஆய்வகத்தில் வளர்ப்புக்குப் போட்டிருக்கிறார்கள், அந்த முடிவு வர இரண்டு மாதம் ஆகும். அதுவரை சான்று கொடுக்க முடியாது.

இன்னும் பதினோரு நாளில் பள்ளி திறக்கிறது. இரண்டு மாதம் பள்ளிக்கூடம் காத்திருக்காது என்பது மூவருக்குமே தெரிந்திருந்தது.

டாக்டர் திரையில் இருந்த நிழலைப் பேனாவால் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டாள். பெய்-ஷான் திரும்பினாள்.

"உங்ககிட்ட பழைய நெஞ்சு எக்ஸ்ரே ஏதாவது இருக்கான்னு கேக்குறாங்க. பல வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. அதுலயும் இதே மாதிரி இருந்துட்டா, ஆறிப்போன தழும்புன்னு உடனே எழுதிக் குடுத்துடலாமாம்."

"இருக்கு" என்றாள் டெல்ஃபினா. "பதினாலு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. அதுலயும் இது இருக்கு. அதைக் காட்டித்தான் சவூதி வேலையை எனக்கு இல்லைன்னுட்டாங்க. அதுக்கு முன்னாடி, ஒன்பது வயசுல எனக்கு டிபி வந்து குணமாச்சு."

பெய்-ஷான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள். இருபத்தாறு வயதுப் பெண் அவள். இந்த வேலையில் அவளுக்கே இரண்டாவது வருடம்தான். டாக்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்:

"டீச்சர், இதை நான் இன்னும் மாத்திச் சொல்லல. சொல்லிட்டா இவங்க ஃபைல்ல ஏறிடும். நானும் கேட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் ஸ்கூல் முதல்வர்கிட்ட நான் சொல்லியே ஆகணும். தப்பான தகவல் குடுத்தா வேலை ரத்துன்னு ஒப்பந்தத்துல இருக்கு. நீங்க வேணும்னா யோசிச்சுச் சொல்லுங்க."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டெல்ஃபினா தன் கையைப் பார்த்தாள். ஒரு மனம், இந்தப் பெண்ணே வழி காட்டுகிறாள், எடுத்துக்கொள் என்றது. இரண்டு மாதம் கழித்து வேறு எங்காவது வேலை கிடைக்காதா, ஏதாவது சொல்லிச் சமாளிக்க முடியாதா என்று கணக்குப் போட்டது. ஆனால் வியாழக்கிழமையிலிருந்து அந்த வீட்டில் ஒற்றையாக இருந்தவளுக்கு அந்தக் கணக்கு அலுத்துப்போயிருந்தது.

"சொல்லும்மா. எல்லாத்தையும் சொல்லு. அன்னிக்குத் தெருவுல நீ கேட்டப்போ நான் சொன்னதும் பொய்தான். அதுக்கு உன்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்குறேன்."

பெய்-ஷான் டாக்டர் பக்கம் திரும்பி, வாக்கியம் வாக்கியமாக மாற்றிச் சொன்னாள். அவள் காதுமடல் சிவந்திருந்தது.

ரோடெல் இரண்டு நாள் முரண்டு பிடித்தான். பிறகு படத்தைத் துணியில் சுற்றி, அட்டைக்கு நடுவில் வைத்து, இலோயிலோவுக்கே கொண்டுபோய் விமானத் தபாலில் போட்டான். புயல் வந்து இரண்டு நாள் விமானங்கள் நின்றன. மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். டெல்ஃபினா ஜன்னலோரம் உட்கார்ந்து, இனித் தேவைப்படுமா என்று தெரியாத பாடக் குறிப்புகளை எழுதினாள். நான்காம் வகுப்பு அவளுடையது என்று சொல்லியிருந்தார்கள். இருபத்தேழு பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை அவள் மனப்பாடமே செய்திருந்தாள்.

பள்ளி திறக்க மூன்று நாள் இருக்கும்போது படம் வந்து சேர்ந்தது. டாக்டர் ஜுவாங் அதை விளக்குப் பலகையில் மாட்டினாள். பழைய படமும் புதிய படமும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு அளவுகோலை எடுத்து இரண்டையும் அளந்தாள். ஒரு பக்கம் விரல்ரேகை படிந்திருந்ததைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தாள்.

"பதினாலு வருஷமா ஒரு மில்லிமீட்டர்கூட நகரலைங்குறாங்க" என்றாள் பெய்-ஷான். அவளுக்கே கண் கலங்கியிருந்தது. "தழும்புதானாம். யாருக்கும் ஒட்டாதாம்."

சான்றில் கையெழுத்தாயிற்று. டெல்ஃபினாவுக்கு அழத் தோன்றவில்லை. இதே வார்த்தையை இருபத்தைந்து வயதில் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் என்று மட்டும் தோன்றியது.

முதல்வர் கோ மரியாதையான மனிதர். தேநீர் ஊற்றிக் கொடுத்தார். உடல்நிலை சரியாக இருப்பதில் தனக்கு மகிழ்ச்சி என்றார். விஷயம் பெற்றோர் யாருக்கும் போகாது என்றார். அதன் பிறகு, மேசைமேல் இருந்த விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்களை அனுப்பப் போறதில்ல டீச்சர். நீங்களா முன்வந்து சொன்னீங்கன்னு லியாவ் பெய்-ஷான் எழுதிக் குடுத்திருக்கா. ஆனா கையெழுத்துப் போட்டுத் தப்பாச் சொன்னவங்ககிட்ட உடனே ஒரு வகுப்பை நம்பி ஒப்படைக்க முடியாது. ஒரு வருஷம் துணை ஆசிரியையா இருங்க. அப்புறம் பாக்கலாம்."

"நாலாம் வகுப்பு?"

"அதை ஸோலேகா டீச்சர் எடுத்துக்குறாங்க. நீங்க அவங்களுக்குத் துணை."

டெல்ஃபினா தேநீரைக் கீழே வைத்தாள். சரி என்றாள். வேறு என்ன சொல்வது?

முதல் நாள் காலையில் அவள் வகுப்பறைக்குப் போனபோது பிள்ளைகள் இன்னும் வரவில்லை. ஸோலேகா தனியாகப் பெஞ்சுகளை நகர்த்திக்கொண்டிருந்தாள். பதினைந்து நாளுக்குப் பிறகு இருவரும் இப்போதுதான் பார்த்துக்கொள்கிறார்கள். பள்ளிக்குப் பின்னால் ஒரு ஒற்றையறை வீட்டில் தாயும் மகளும் குடியேறிவிட்டதாகப் பெய்-ஷான் சொல்லியிருந்தாள்.

"லியேமாவுக்கு டெஸ்ட் எடுத்தேன்" என்றாள் ஸோலேகா, நிமிர்ந்து பார்க்காமலே. "ஒண்ணும் இல்ல."

"பெய்-ஷான் சொன்னா. கும்பிட்ட சாமி கைவிடல."

"எனக்கும் சொன்னா, நீங்க டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்கன்னு." ஸோலேகா ஒரு பெஞ்சை நேராக்கினாள். "இந்த வகுப்பை நான் கேக்கல அக்கா. அவங்களாக் குடுத்தாங்க."

"தெரியும்மா. நீ நல்லா நடத்துவ."

"பின்னம்னாலே எனக்கு உதறல். நீங்கதான் எடுக்கணும் அதை."

டெல்ஃபினா அடுத்த பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தாள். அதை நகர்த்திக்கொண்டே, "குழந்தையை ஒரு நாள் வந்து பாக்கலாமா?" என்று கேட்டாள்.

ஸோலேகா இந்தத் தடவை நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை.

"கேட்டுக்கிட்டேதான் இருக்கா, டெல் ஆன்ட்டி எங்கன்னு. ஆனா இப்போ வேணாம் அக்கா. தழும்புதான்னு எனக்குப் புத்திக்குத் தெரியுது. மனசுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

சொல்லிவிட்டு அவள் போய், அறைக்குள் காற்று தேங்காதபடி ஜன்னல்களைத் திறக்க ஆரம்பித்தாள். மேலே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே காலை எட்டு மணிக்கே வெயில் கொதித்தது. திறந்த ஜன்னல் வழியாக அனல் உள்ளே வந்தது. கேட்டுக்குள் நுழையும் பிள்ளைகளின் சத்தமும் வந்தது.

டெல்ஃபினா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எதிர்ப்பக்கம் போய், மிச்சமிருந்த மூன்று ஜன்னல்களையும் தானே திறந்துவிட்டாள்.